பெரியப்பாவின் கல்யாணப் படங்கள்

அந்தப் படத்தில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்வரிசை முழுதும் தெரிகிற சிரிப்பு. தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள், காலில் செருப்பில்லை, ஒரு கால் தரையைவிட்டு எழும்பியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை அவளைவிடப் பெரிதாகச் சிரித்தான். பிடில் வாசிப்பவன், கை தட்டுகிறவர்கள், ஓரத்தில் நின்ற குழந்தைகள் என்று அந்தக் கறுத்த மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. நான் அதைக் கறுப்பு மையில் கோடு கோடாகப் பார்த்து வரைந்து பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சிரிப்பு எச்சாப் போச்சு, கண்ணு."

"அசல்லயும் அத்தனை இருக்குதுங்க, பெரீப்பா."

"இருக்குது. ஆனா அது பொய்யி."

"அப்பக் கம்மி பண்ணட்டுங்களா?"

"கம்மி பண்ணுனா அது நாம சொல்ற பொய்யாயிருமல்ல?"

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்? பேனாவைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே படம்.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில், கடலைக்காய் மூட்டை அடுக்குகிற அறையில் நடந்தது இது. பெரியப்பா பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் மூட்டைகளை வாசலுக்குத் தள்ளிவிட்டு அந்த அறையில் மேசை போட்டுக்கொண்டார். மழை வரும்போதெல்லாம் அம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஓடும்போது வாய் சும்மா இருக்காது. பெரியப்பா காதில் அது விழுந்ததே இல்லை. கடல் தாண்டிக் கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கல்யாணங்களையும் கொண்டாட்டங்களையும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் புத்தகங்களில் எப்படிப் படம் போட்டார்கள் என்பதைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதப்போகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யார் படிப்பார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சென்னையில் பெரிய பெரிய நூலகங்களில் உட்கார்ந்து பழைய புத்தகங்களிலிருந்து அந்தப் படங்களைப் போட்டோ எடுத்து வந்திருந்தார். எல்லாம் மங்கல். பாலக்காட்டில் படங்களுக்கு அச்சு பிளாக் செய்கிறவர், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, யாராவது கோட்டுப்படமாகத் திரும்ப வரைந்து தந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வசமாக மாட்டிக்கொண்டேன்.

பெரியப்பாவைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்க்கவில்லை என்றில்லை, பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தேர்வு, ஏதோ ஒரு ஆராய்ச்சி குறுக்கே வந்தது. அப்படித் தன் கல்யாணத்துக்கு நேரமில்லாத மனிதர், உலகத்தின் இன்னொரு மூலையில் என்றோ செத்துப்போனவர்களின் கல்யாணத்தில் பந்தல்கால் எங்கே நட்டார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் வீட்டுக்கு மூத்தவர் அவர்தான். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பா ஒரு காளையைக்கூட மாற்றமாட்டார்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் படங்களில் விஷயம் இருந்தது. தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய விருந்தாளிகளும் எழுதிய புத்தகங்களில் அடிமைகள் எப்போதும் ஆடுவார்கள். கல்யாணமா, ஆட்டம். அறுவடையா, ஆட்டம். இவர்களுக்கு என்ன குறை என்று பார்க்கிறவன் நினைக்க வேண்டும். அடிமை முறையை எதிர்த்தவர்கள் எழுதிய புத்தகங்களிலோ அதே கல்யாணத்தில் எல்லோரும் அழுவார்கள். மணப்பெண் மண்டியிட்டு வானத்தைப் பார்ப்பாள். "இவன் சிரிக்க வெக்கறான், அவன் அழுக வெக்கறான். அந்தப் புள்ளெ என்ன நெனச்சாள்னு ஒருத்தனும் கேக்கலியே!" என்று பெரியப்பா மேசையைத் தட்டுவார். மைக்கூடு குதிக்கும். என் தாளில் தெறிக்கும். முதலிலிருந்து வரைய வேண்டும்.

வரைந்த கைக்கு வேறொன்றும் தெரிந்தது. அநேகமாக எல்லாப் படங்களிலும் ஓரத்தில் ஒரு மாடி முகப்பு இருக்கும். அதில் முதலாளி குடும்பத்தோடு நின்று வேடிக்கை பார்ப்பார். அவருடைய செருப்பின் கொக்கி, கோட்டின் பொத்தான், கைத்தடியின் பூண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். படத்தின் நடுவில் இருக்கிற மணப்பெண்ணின் கையைப் பார்த்தால் விரல்களைப் பிரித்தறிய முடியாது. வரைந்தவன் எங்கே பொறுமையாக உட்கார்ந்திருந்தான், எங்கே அவசரப்பட்டான் என்பதைக் கோடே சொல்லிவிடும். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தியா, பாத்தியா" என்று அறைக்குள்ளேயே நடந்தார். அதற்குத் தண்டனையாக, எல்லாப் படங்களிலும் செருப்புக் கொக்கிகளை மட்டும் தனியே பெரிதாக வரைந்து தரச் சொன்னார். ஒரு மாதம் முழுக்க நான் செருப்புக் கொக்கி வரைந்தேன்.

நூலில் நம் ஊர்ப்பக்கத்துப் பண்ணையடிமைகளைப் பற்றியும் ஓர் அத்தியாயம் வருவதாக இருந்தது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்ற காலம் இங்கேயும் உண்டல்லவா. எங்கள் முன்னோர்களின் நிலத்திலும் அவர்கள் இருந்திருப்பார்கள். அந்த அத்தியாயம் மட்டும் வளரவே இல்லை. கேட்டால், "நம்ம பக்கத்துக் கண்ணாலத்தை எவனும் படம் போடலியே கண்ணு, நானென்ன பண்றது?" என்பார்.

இந்த நேரத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவளே நான்தான்.

மாப்பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். காந்தலூர்க்காரர். அவருடைய அப்பா அம்மா இருவரும் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் பிறந்ததும் படித்ததும் கூலிக்காரர்களுக்கான வரிசை வீட்டில், லயத்தில். தோட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகு அவர்கள் காந்தலூரில் துண்டு நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து மறையூருக்கு மாற்றல் வந்தபோது, பஸ் ஏறுவதற்கு முன்னால் அவர் என்னிடம் நேராகவே கேட்டார். நானும் நேராகவே சரி என்றேன். எங்களுக்குள் அவ்வளவுதான் நாடகம். மிச்ச நாடகமெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. "கங்காணி கூட்டியாந்த சனமம்மா அது. பூர்வீகம் என்ன ஏதுன்னு ஒண்ணுந் தெரியாது. எதுக்கும் அண்ணன் என்ன சொல்றாரோ அதுதான்" என்று முடித்துவிட்டார். அம்மாவும் நானும் கடலைக்காய் அறைக்குப் போனோம். பெரியப்பா தலை நிமிராமல் கேட்டார். நிமிராமலே, "பாக்கலாம். இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றார்.

அத்தியாயம் முடியவில்லை. கடலை பிடுங்கினோம், காய வைத்தோம், விற்றோம். அத்தியாயம் முடியவில்லை. மறையூரில் அவர் பொறுமையாக இருந்தார். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. பெரியப்பா வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடலாம். சரி என்று சொன்னால் புடவை எடுக்கலாம். 'பாக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு நடுவில் தான் எழுதியதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் வாசித்தார்: "எஜமானனின் அனுமதி இன்றி அடிமைக்குத் திருமணம் இல்லை. அனுமதி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் காக்க வைப்பதும் ஓர் அதிகாரமே." வாசித்துவிட்டு, "எப்பிடி கண்ணு?" என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க என்றேன். என் குரலில் இருந்த எதுவும் அவருக்கு எட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஓர் அடிமைப் பையனும் பெண்ணும் கீழே முற்றத்தில் நிற்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்கிறார்கள். முகப்பில் முதலாளி ஒரு கையைத் தூக்கியபடி நிற்கிறார். போட்டோவில் முதலாளியின் முகம் சுத்தமாக மங்கிவிட்டது. நானாகத்தான் ஊகித்து வரைய வேண்டும். ஒரு முகம் வரைந்தேன்.

"இது கோவம்" என்றார் பெரியப்பா. "அவனுக்குக் கோவமெல்லாம் இல்ல கண்ணு."

வேறொன்று வரைந்தேன்.

"இது ஏளனம். அதும் இல்ல. அவனுக்கு அது ஒரு பெரிய விசயமே இல்ல, அதான் சங்கதி. அவம்பாட்டுக்கு ஏதோ யோசனைல இருக்கறான். கீழ ரெண்டு உசுரு நிக்குதுன்னே அவனுக்கு நெனப்பில்ல. அந்த அலட்சியம் மூஞ்சில வரோணும்."

நான் பேனாவை மையில் தோய்த்தேன்.

"பெரீப்பா, நீங்க சித்தெ அப்பிடியே இருங்க. அசையாதீங்க. பாத்து வரைஞ்சுக்கறேன்."

அவர் அப்படியேதான் இருந்தார். எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து முகவாயைக்கூடச் சற்றுத் தூக்கிக்கொண்டார். பிறகு அந்த முகத்தில் ஒன்றொன்றாக ஏதோ நடந்தது. கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய் மூட்டைகளுக்கு நடுவே நின்றார். நான் வரையவில்லை. அந்த முகத்தை அதற்குப் பிறகும் வரையவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பாவைக் காணோம். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினார் என்று பால்காரர் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை, அங்கிருந்து சின்னாறு வழியாக மறையூர், அப்புறம் ஜீப்பில் காந்தலூர். யாரிடமும் விலாசம் கேட்காமல், ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துக்கொள்ளாமல் போயிருந்தார். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு என் மாமியார் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து நின்ற மனிதரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறார். யார் என்று சொன்னதும் பதறிப்போய்ப் பாய் விரிக்கப் போனவரை நிறுத்தி, பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "உங்க கண்ணாலம் தோட்டத்துலதானுங்களா நடந்துச்சு? அதுக்கு அனுமதி ஆருகிட்டக் கேட்டீங்க?"

"தொரைகிட்ட லீவு கேட்டுச்சுய்யா எங்க அப்பா. ஒரு நா குடுத்தாக. மக்கா நாளு வெடியக்காலம் பெரட்டுல நின்னு பேரு குடுத்துட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன்."

"அன்னைக்கு உங்களுக்கு மனசுல என்ன இருந்துச்சுங்க? சந்தோசமுங்களா, துக்கமுங்களா?"

என் மாமியார் யோசித்தாராம். "அதெல்லாம் யாரு கண்டா. சோறு பத்தாமப் போயிருமோன்னுதான் பயமா இருந்துச்சு. பக்கத்து லயத்துச் சனமெல்லாம் வந்திருச்சுல்ல." பிறகு அவருக்கே கோபம் வந்துவிட்டது. "இதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் மலையேறி வந்தீக? நான் சம்பந்தம் பேச வந்தீகளாக்கும்னு நெனச்சேன்!"

பெரியப்பா ஒரு பை நிறையப் பூண்டோடு திரும்பி வந்தார். "நல்ல சனம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா எழுந்து நின்று, "அப்பச் சரின்னு சொல்லிப் போடலாங்களாண்ணா?" என்று கேட்டார்.

"நாஞ் சொல்லமாட்டேன்."

பெரியப்பா பூண்டுப் பையை அம்மா கையில் கொடுத்தார்.

"அனுமதி குடுக்கறதுக்கு நான் ஆரு? அவ என்ன எனக்கு அடிமையா? படிச்ச புள்ளெ, சம்பாதிக்கற புள்ளெ. அவ கண்ணாலம், அவ முடிவு. சரீன்னு சொல்றதுக்கும் எனக்கு உரிமையில்ல, வேண்டாம்னு சொல்றதுக்கும் உரிமையில்ல."

என் வாழ்க்கையில் அன்றைக்கு வந்த எரிச்சல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெரியப்பா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அப்பாவுக்கு அதில் ஒரு சொல்தான் காதில் விழுந்தது. அண்ணன் சரி என்று சொல்லமாட்டேன் என்கிறார், ஆகவே சம்மதமில்லை. "ஒரு வார்த்தை, சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, எம்புள்ளெ வாழ்ந்துட்டுப் போறா" என்று அம்மா கெஞ்சினாள். "அந்த வார்த்தைதாம்மா எல்லாத்துக்கும் காரணம்" என்று அவளுக்கு அவர் வகுப்பெடுத்தார். அம்மா அன்றைக்கு அவருக்குப் பூண்டு போடாமல் ரசம் வைத்தாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. பதில் சொல்லாமல் காக்க வைத்தவர் போய், பதில் சொல்வதே பாவம் என்கிறவர் வந்திருந்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. "சும்மா பேச்சுக்காவது சொல்லுங்களேன் பெரீப்பா" என்று நானே கேட்டேன். "உனக்கே அது அவமானமில்லியா கண்ணு?" என்று கண் கலங்கினார். அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

கடைசியில் மலையிலிருந்து அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். கையில் தாம்பாளமெல்லாம் இல்லை. ஒரு பை உருளைக்கிழங்கு. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அனுமதி என்கிற சொல்லின் வரலாற்றைத் தொடங்கினார். என் மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையை நீட்டி நிறுத்தினார்.

"அய்யா, இருங்க. சம்மதம் கேட்டு இங்க யாரு வந்தா? பிள்ளைக ரெண்டும் முடிவு பண்ணிருச்சுக. நாங்க கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கோம். எங்க பக்கம் பந்தி பரிமாற ஆளு பத்தாது. நீங்க வருவீகளா, மாட்டீகளா?"

பெரியப்பாவின் நூலில் எந்த அத்தியாயத்திலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

"வர்றேனுங்க" என்றார்.

அப்பா துள்ளி எழுந்தார். "அண்ணன் வர்றேன்னுட்டாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அம்மா சர்க்கரை எடுக்க ஓடினாள்.

நூல் பல வருஷம் கழித்து வந்தது. நல்ல நூல்தான் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. அந்த முதலாளியின் படம் முகமில்லாமலே அச்சாகியிருக்கிறது. பிளாக் தேய்ந்துவிட்டது என்று படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். நம் ஊர் அத்தியாயம் ஒன்றரைப் பக்கம். என்னால் அதை மட்டும் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. கடல் தாண்டிய தோட்டங்களில் யார் யார் முகப்பில் நின்றார்கள் என்று கண்டுபிடித்தவர், எருத்தேன்பதியில் யார் நின்றார்கள் என்று எழுதாமலே போய்விட்டார். கேட்கலாம் என்று நினைத்தபோது அவர் இல்லை.

சமீபத்தில் பேத்தியின் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்த பையன்கள் அவளைக் குதிக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், மாப்பிள்ளையைப் பார்த்து ஓடிவரச் சொன்னார்கள். சரியாக வரவில்லை என்று திரும்ப ஓடச் சொன்னார்கள். அவளும் ஓடினாள். எனக்குப் பேச்சு வாய்வரை வந்தது. பேசினால் பெரியப்பாவைப் போலவே பேசுவேன் என்று பயமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் கல்யாணத்துக்கு இருப்பது ஒரே ஒரு குடும்பப் படம். காந்தலூரில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். காலையிலிருந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். அவ்வளவு மோசமாகப் பரிமாறி நான் பார்த்ததில்லை. இலைக்கு வெளியே ஊற்றினார், பாயசத்தில் ஊற்றினார், என் கொழுந்தனின் புதுச் சட்டையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களிடம் அவர்களுடைய கல்யாணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். அவர்கள் பதில் சொல்வதா, சாம்பாரிலிருந்து வேட்டியைக் காப்பாற்றுவதா என்று தவித்தார்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "பொண்ணோட பெரியப்பா எங்கங்க?" என்று அப்பா கத்தினார். நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. பெரியப்பா பந்தலிலிருந்து வாளியும் கையுமாக ஓடி வந்தார். உட்காரச் சொன்னார்கள், நேரமில்லை என்றார். வாளியைக் கீழே வைக்கச் சொன்னார்கள், ஆறிப்போகும் என்றார். போட்டோக்காரர் பொறுமை இழந்து அமுக்கிவிட்டார்.

படத்தில் நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாற்காலி காலியாக இருக்கிறது. பெரியப்பா ஓரத்தில் கரண்டியும் வாளியுமாகப் பாதி திரும்பியபடி, கவலையோடு பந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.